உயர் வரையறை நிகழ்படம் எடுக்கும் மாற்றுவில்லை ஒளிப்படக்கருவி

உயர் வரையறை நிகழ்படம் எடுக்கும் மாற்றுவில்லை ஒளிப்படக்கருவி என்பது, வில்லையைக் கழற்றி மாற்றக்கூடியதும், நிலைப்படங்களுடன் அசையும் படங்களையும் உயர் வரையறையில் பதியக்கூடியதுமான எண்ணிம ஒளிப்படக்கருவி ஆகும். இவ்வகையின் முதலிரு கருவிகளான நிக்கான் டி90, கேனன் 5டி மார்க் 2 ஆகியவை முறையே 2008 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் அறிவிக்கப்பட்டன.

இக்கருவிகளில் நிகழ்படம் முதலில் ஒரு துணை வசதியாகவே சேர்க்கப்பட்டது. ஆனால் பெரிய உணரி, மாற்றத்தக்க வில்லை, குறைந்த விலை ஆகிய மூன்றும் ஒரே கருவியில் சேர்ந்ததால், திரைப்பட மாணவர்களும் குறும்பட இயக்குநர்களும் இவற்றைத் திரைப்படக் கருவிகளாகவே பயன்படுத்தத் தொடங்கினர். 2008 முதல் 2010 வரையான காலத்தில் அடுத்து வரும் கருவி எதைச் செய்யும் என்பது பெரும் எதிர்பார்ப்புக்கு உரியதாக இருந்தது. படவணுக்களின் எண்ணிக்கை கூடுவதை விட, துளை, மூடுவேகம், சட்டக வீதம், ஒலி ஆகியவற்றைத் தாமே தீர்மானிக்கும் வாய்ப்பையே பயனர்கள் பெரிதும் எதிர்பார்த்தனர்.

பெயரும் வரையறையும்

லென்சு என்று பேச்சு வழக்கில் கூறப்படும் வில்லையைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தக்கூடிய எண்ணிமக் கருவிகள் இரு வகைப்படும். முதல் வகை எண்ணிம ஒற்றைவில்லை எதிரொளிப்புக் கருவி ஆகும். இது டி.எஸ்.எல்.ஆர். என்ற பெயரால் பரவலாக அறியப்படுகிறது. இதில் வில்லைக்கும் உணரிக்கும் இடையே சாய்வாக அமைந்த ஓர் ஆடி, ஒளியை மேல்நோக்கித் திருப்பி நோக்கிக்கு அனுப்புகிறது. படம் எடுக்கும் நொடியில் ஆடி மேலெழ, ஒளி உணரியின் மேல் விழுகிறது. இரண்டாம் வகை ஆடியற்ற கருவி ஆகும். இதில் ஒளி எப்போதும் உணரியின் மேலேயே விழுவதால், காட்சியை மின்திரையிலோ மின் நோக்கியிலோ காணலாம்.

உயர் வரையறை என்பது ஒரு சட்டகத்தில் 1280 × 720 அல்லது 1920 × 1080 படவணுக்களைக் கொண்ட நிகழ்படத்தைக் குறிக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் வழங்கிய பால் முறை டிவிடி நிகழ்படத்தில் ஒரு சட்டகம் 720 × 576 படவணுக்களைக் கொண்டது. 1920 × 1080 என்பது இதைப் போல 5 மடங்கு ஆகும். எனினும் நிலைப்படத்துடன் ஒப்பிட்டால் இது சிறிய அளவே. கேனன் 5டி மார்க் 2 எடுக்கும் ஒரு நிலைப்படத்தில் 2 கோடியே 10 இலட்சம் படவணுக்கள் உள்ளன. அதே கருவி எடுக்கும் நிகழ்படச் சட்டகம் ஒன்றில் 21 இலட்சத்திற்கும் குறைவான படவணுக்களே உள்ளன.

பின்னணி

சிறிய உணரியும் புல ஆழமும்

2008-க்கு முன் குறைந்த செலவில் படம் எடுக்க விரும்பியவர்கள் நிகழ்படக்கருவிகளையே நம்பியிருந்தனர். அவற்றுள் புகழ்பெற்றது 2002-இல் வெளிவந்த பானாசோனிக் டிவிஎக்ஸ்100 ஆகும். திரைப்படத்தைப் போல நொடிக்கு 24 சட்டகங்களைப் பதியும் வசதி இதில் இருந்தது. ஆனால் இத்தகைய கருவிகளின் உணரிகள் மிகச் சிறியவை. மூன்றில் ஒரு அங்குலம் என வழங்கப்படும் உணரியின் அளவு ஏறத்தாழ 4.8 × 3.6 மில்லிமீட்டர் மட்டுமே. 5டி மார்க் 2 கருவியின் உணரி 36 × 24 மில்லிமீட்டர் ஆகும். பரப்பளவில் இது ஏறத்தாழ 50 மடங்கு பெரியது.

உணரியின் அளவு படத்தின் தோற்றத்தை நேரடியாக மாற்றுகிறது. 36 × 24 மில்லிமீட்டர் உணரியில் 50 மில்லிமீட்டர் குவியத்தூரம் கொண்ட வில்லை தரும் அதே பார்வைக் கோணத்தைச் சிறிய உணரியில் பெற, ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் குவியத்தூர வில்லை வேண்டும். துளை எண் இரண்டிலும் 2.8 எனக் கொண்டால், முதல் வில்லையின் துளை விட்டம் ஏறத்தாழ 18 மில்லிமீட்டராகவும், இரண்டாவதன் துளை விட்டம் 2.5 மில்லிமீட்டராகவும் இருக்கும். துளை சிறுத்தால் முன்னும் பின்னும் உள்ள பொருள்கள் எல்லாம் தெளிவாகத் தெரியும். இதனைப் புல ஆழம் கூடுதல் என்பர். முகத்தை மட்டும் தெளிவாக வைத்துப் பின்னணியை மங்கலாக்கும் திரைப்படத் தோற்றம் சிறிய உணரியில் எளிதில் கிடைப்பதில்லை.

இக்குறையைப் போக்க ஓர் இடைக்கருவி பயன்படுத்தப்பட்டது. ஒளிப்பட வில்லை உருவாக்கும் பிம்பம் ஒரு சொரசொரப்பான கண்ணாடித் தகட்டின் மேல் விழும். அந்தத் தகட்டையே நிகழ்படக்கருவி படம் பிடிக்கும். இம்முறையில் பெருமளவு ஒளி இழக்கப்பட்டது. பிம்பமும் பெரும்பாலும் தலைகீழாகத் தெரிந்தது. அமைப்பு முழுவதும் நீளமாகவும் கனமாகவும் இருந்தது.

மறுபுறம், திரைப்படச்சுருளின் செலவு மாணவர்களுக்கு எட்டாததாக இருந்தது. 35 மில்லிமீட்டர் சுருள் 400 அடி, நொடிக்கு 24 சட்டகங்கள் என்ற வேகத்தில் நான்கரை நிமிடத்திற்குள் தீர்ந்துவிடும். 2007-இல் வெளிவந்த ரெட் ஒன் என்ற எண்ணிமத் திரைப்படக்கருவி விலையைப் பெரிதும் குறைத்தது. ஆயினும் அதன் உடற்பகுதி மட்டுமே 17,500 அமெரிக்க டாலர் ஆகும்.

நேரடிக் காட்சி

2000-களின் தொடக்கத்திலேயே சட்டைப்பையில் வைக்கத்தக்க சிறு கருவிகள் நிகழ்படம் எடுத்தன. அவற்றை விடப் பன்மடங்கு விலையுள்ள எதிரொளிப்புக் கருவிகளால் அது இயலவில்லை. இதற்குக் காரணம் அவற்றின் அமைப்பே ஆகும். ஆடி கீழே இருக்கும் வரை உணரிக்கு ஒளி கிடைப்பதில்லை. அத்துடன் பெரிய உணரி ஒன்றை நெடுநேரம் தொடர்ந்து இயக்கினால் அது சூடேறும். இதனால் படத்தில் இரைச்சல் புள்ளிகள் தோன்றும்.

ஆடியை உயர்த்தி வைத்து, உணரி காணும் காட்சியைப் பின்புறத் திரையில் தொடர்ந்து காட்டும் முறை நேரடிக் காட்சி எனப்படும். 2006-இல் வெளிவந்த ஒலிம்பசு ஈ-330 இவ்வசதியை முழுமையாக அளித்த முன்னோடி எதிரொளிப்புக் கருவி ஆகும். சீமாசு வகை உணரிகள் பரவியதும் இவ்வசதி எளிதாயிற்று. இவற்றில் வேண்டிய வரிகளை மட்டும் தெரிந்தெடுத்து விரைவாகப் படிக்கலாம். மின்னாற்றலும் குறைவாகவே செலவாகும். நேரடிக் காட்சி வந்தபின், திரையில் ஓடும் காட்சியைச் சுருக்கி நினைவட்டையில் எழுதுவதே எஞ்சிய பணியாக இருந்தது.

வரலாறு

2008: முதலிரு கருவிகள்

நிக்கான் டி90 2008 ஆகஸ்ட் 27 அன்று அறிவிக்கப்பட்டது. நிகழ்படம் எடுக்கும் முதல் எதிரொளிப்புக் கருவி இதுவே. இது 1280 × 720 அளவில் நொடிக்கு 24 சட்டகங்களைப் பதிந்தது. ஒலி ஒற்றைத் தடத்தில் பதிவாகியது. உயர் வரையறையில் ஒரு காட்சி 5 நிமிடத்தைத் தாண்ட இயலாது. அமெரிக்காவில் இதன் உடற்பகுதியின் விலை ஏறத்தாழ 1,000 டாலர்.

மூன்று வாரங்களில், 2008 செப்டம்பர் 17 அன்று, கேனன் 5டி மார்க் 2 அறிவிக்கப்பட்டது. இது 1920 × 1080 அளவில் நொடிக்கு 30 சட்டகங்களைப் பதிந்தது. வெளி ஒலிவாங்கியை இணைக்கும் துளையும் இதில் இருந்தது. இதன் அறிமுக விலை 2,699 டாலர். செய்தித்தாள்கள் இணையத்திற்கு நகர்ந்துகொண்டிருந்த காலத்தில், செய்திப் படப்பிடிப்பாளர் ஒருவர் ஒரே கருவியால் நிலைப்படமும் சிறு நிகழ்படமும் எடுக்க உதவுவதே இவ்வசதியின் நோக்கமாக இருந்தது.

அதே மாதத்தில், ஒளிப்படச் செய்தியாளரான வின்சென்ட் லாஃபோரே இக்கருவியின் முன்மாதிரி ஒன்றைப் பெற்று, நியூயார்க் நகரில் ஒரு வார இறுதியில் "ரெவரி" என்ற குறும்படத்தை எடுத்தார். பெரும்பாலும் இரவில், நகரின் விளக்கொளியைப் பயன்படுத்தி எடுக்கப்பட்ட இப்படம் இணையத்தில் பரவியது. கருவி கடைகளுக்கு வரும் முன்பே, அது எதற்குப் பயன்படும் என்ற எண்ணத்தை இப்படம் மாற்றிவிட்டது.

2009: காத்திருப்பின் ஆண்டு

5டி மார்க் 2 கருவியை வாங்கியோர் விரைவில் அதன் வரம்புகளை உணர்ந்தனர். நிலைப்படத்தில் எல்லாவற்றையும் கையால் அமைக்க இடமளித்த இக்கருவி, நிகழ்படத்தில் துளையையும் மூடுவேகத்தையும் உணர்திறனையும் தானே தீர்மானித்தது. நடிகர் ஒருவர் சன்னலைக் கடந்தால் படம் முழுவதும் இருண்டு மீண்டும் வெளுத்தது. இதனைத் தவிர்க்கப் பயனர்கள் பல உத்திகளைக் கையாண்டனர். துளை வளையம் கொண்ட பழைய நிக்கான் வில்லைகளை இணைப்பி மூலம் கேனன் கருவியில் பொருத்தினர். வில்லையைச் சற்றே திருகி மின்தொடர்பைத் துண்டித்துத் துளையை நிலைநிறுத்தினர்.

2009 சூன் மாதத்தில் கேனன் வெளியிட்ட நிலைப்பொருள் மேம்பாடு, நிகழ்படத்திலும் கைமுறைக் கட்டுப்பாட்டை அளித்தது. உடற்பகுதியில் எந்த மாற்றமும் இன்றி, ஒரு சிறு கோப்பை ஏற்றுவதால் கருவியின் பயன் மாறியது இங்குக் கவனிக்கத்தக்கது. அதே ஆண்டில் மேஜிக் லேண்டர்ன் என்ற தன்னார்வ மென்பொருளும் தோன்றியது. ஒலி அளவுமானி, ஒலி மிகைப்பைக் கையால் அமைத்தல் முதலிய வசதிகளை உற்பத்தியாளரின் துணையின்றியே இது சேர்த்தது.

இதே ஆண்டில் பல புதிய கருவிகள் வந்தன.

கேனன் 500டி (மார்ச்): 1920 × 1080 அளவில் நொடிக்கு 20 சட்டகங்கள் மட்டுமே. 1280 × 720 அளவில் 30 சட்டகங்கள்.

பானாசோனிக் ஜிஎச்1 (மார்ச்): உயர் வரையறை நிகழ்படம் எடுத்த முதல் மாற்றுவில்லை ஆடியற்ற கருவி. நிகழ்படத்திற்கென அமைந்த 14-140 மில்லிமீட்டர் வில்லையுடன் வந்தது.

நிக்கான் டி5000 (ஏப்ரல்): 1280 × 720 அளவில் 24 சட்டகங்கள்.

பென்டாக்ஸ் கே-7 (மே): 1280 × 720 அளவில் 30 சட்டகங்கள்.

கேனன் 7டி (செப்டம்பர்): 1920 × 1080 அளவில் 24, 25, 30 சட்டகங்கள், 1280 × 720 அளவில் 50, 60 சட்டகங்கள். தொடக்கம் முதலே கைமுறைக் கட்டுப்பாடு.

7டி வந்தபின், அதை விட விலை கூடிய 5டி மார்க் 2 கருவியில் 24 சட்டகங்கள் இல்லாதது பெருங்குறையாயிற்று. அதற்கான மேம்பாடு வரும் என 2009 அக்டோபரில் கேனன் அறிவித்தது. 2010 மார்ச் மாதத்தில் அது வெளியாகி, 24, 25 ஆகிய இரு சட்டக வீதங்களும் கிடைத்தன.

வராத கருவி

எதிர்பார்ப்பு எப்போதும் நிறைவேறியது எனக் கூற இயலாது. 2008 ஏப்ரலில் ரெட் நிறுவனம் ஸ்கார்லெட் என்ற கருவியை 3,000 டாலருக்கும் குறைவான விலையில் 2009-இல் தருவதாக அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில், எதிரொளிப்புக் கருவிகளின் வரவை அடுத்து, நிலைப்படம், அசைபடம் இரண்டும் எடுக்கும் பிரித்துக் கூட்டத்தக்க அமைப்பாகத் திட்டம் மாற்றப்பட்டது. 2011 நவம்பரில் ஸ்கார்லெட்-எக்ஸ் வெளிவந்தபோது அதன் விலை 10,000 டாலரை நெருங்கியிருந்தது. அதற்காகக் காத்திருந்தோர் பலர் இதற்கிடையில் கிடைத்த கருவியைக் கொண்டே படங்களை எடுத்து முடித்திருந்தனர்.

சட்டக வீதமும் மின்விளக்கும்

24, 25, 30 ஆகிய எண்களுக்கு இடையேயான வேறுபாடு சிறிதாகத் தோன்றினும் நடைமுறையில் முதன்மையானது. பேசும்படம் வந்த காலம் முதல் திரைப்படத்தின் சட்டக வீதம் நொடிக்கு 24 ஆகும். 30 சட்டகங்களில் எடுத்ததை 24 ஆக மாற்ற, ஒவ்வொரு நொடியிலும் 6 சட்டகங்களை நீக்க வேண்டும். அப்போது சீரான அசைவு விட்டுவிட்டுத் தாவுவது போலத் தெரியும்.

இந்தியா, இலங்கை, ஐரோப்பிய நாடுகள் போன்ற 50 எர்ட்சு மின்சாரம் உள்ள இடங்களில் இன்னொரு சிக்கலும் இருந்தது. இந்நாடுகளில் குழல்விளக்கு நொடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்குகிறது. மூடுவேகம் 1/50 நொடி எனில் ஒவ்வொரு சட்டகமும் சரியாக இரு ஒளிர்வுகளைப் பெறும். படம் சீராக இருக்கும். 30 சட்டக வீதத்திற்கு இயல்பான 1/60 நொடி வேகத்தில் இக்கணக்கு பொருந்தாது. எனவே படத்தில் இருண்ட பட்டைகள் மேலும் கீழும் ஓடும். 25 சட்டகங்கள் தரும் கருவி இந்நாடுகளில் ஆவலுடன் எதிர்பார்க்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகும்.

குறைபாடுகளும் அவற்றின் காரணங்களும்

உருளும் மூடி

சீமாசு உணரி தன் வரிகளை ஒரே நேரத்தில் படிப்பதில்லை. மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் படிக்கிறது. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே நொடியின் ஒரு சிறு பகுதி கழிந்துவிடும். அதற்குள் பொருளோ கருவியோ விரைவாக நகர்ந்தால், நேரான மின்கம்பம் சாய்ந்து தெரியும். ஓடும் வண்டியிலிருந்து எடுத்த படம் கூழைப் போல ஆடும். இதனை உருளும் மூடி விளைவு என்பர். டி90 கருவியில் இது மிகத் தெளிவாகத் தெரிந்தது.

வரிகளைத் தாவுதல்

2 கோடிக்கும் மேற்பட்ட படவணுக்களை நொடிக்கு 30 முறை முழுமையாகப் படிக்கும் வேகம் அக்காலக் கருவிகளுக்கு இல்லை. எனவே சில வரிகளை மட்டும் படித்து மற்றவற்றை விட்டுவிட்டன. 5டி மார்க் 2 ஏறத்தாழ மூன்றில் ஒரு வரியையே படித்தது. இதனால் செங்கற்சுவர், ஓட்டுக்கூரை, நெருங்கிய கோடுகள் கொண்ட சட்டை போன்றவற்றின் மேல் உண்மையில் இல்லாத அலைக்கோலங்களும் வண்ணத் திட்டுகளும் தோன்றின. நடிகர்களின் உடையைத் தேர்ந்தெடுக்கும்போதே இதனைக் கருத்தில் கொள்ள வேண்டியிருந்தது.

குவியப்படுத்தல்

எதிரொளிப்புக் கருவியின் விரைவான தானியங்கிக் குவியம், ஆடி கீழிருக்கும்போது அதன் வழியே ஒளி பெறும் தனி உணரியைச் சார்ந்தது. நிகழ்படத்தில் ஆடி உயர்ந்திருப்பதால் இது இயங்காது. எனவே ஒளிமாறுபாட்டை அளந்து முன்னும் பின்னும் தேடும் மெதுவான முறையே எஞ்சியது. கையால் குவியப்படுத்துவதும் எளிதன்று. ஒளிப்பட வில்லையின் குவிய வளையம் சிறு திருப்பத்திலேயே நெடுந்தூரம் நகர்ந்துவிடும். நோக்கியும் இருண்டிருப்பதால் பின்புறத் திரையை உருப்பெருக்கி வைத்துப் பார்க்க வேண்டும். எந்தக் குறைந்த புல ஆழத்திற்காக இக்கருவி விரும்பப்பட்டதோ, அதுவே குவியம் தவறும் வாய்ப்பையும் கூட்டியது.

ஒலி

உள்ளமைந்த ஒலிவாங்கி வில்லை மோட்டாரின் ஓசையையும் விரல் படும் ஓசையையும் சேர்த்தே பதிந்தது. தானியங்கி மிகைப்பு, உரையாடல் நின்றதும் சுற்றுப்புற இரைச்சலை உயர்த்தியது. காதணி கேட்பியை இணைக்கும் வசதியும் இல்லை. எனவே ஒலியைத் தனிக் கருவியில் பதிந்து, காட்சியின் தொடக்கத்தில் தட்டும் பலகையின் ஓசையைக் கொண்டு பின்னர்ப் படத்துடன் இணைக்கும் பழைய திரைப்பட முறையே மீண்டும் கைக்கொள்ளப்பட்டது.

கால வரம்பு

சுருக்கப்படாத 1920 × 1080 நிகழ்படம், 30 சட்டக வீதத்தில் நொடிக்கு ஏறத்தாழ 187 மெகாபைட் இடம் கொள்ளும். 5டி மார்க் 2 அதனை எச்.264 முறையில் நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபைட்டாகச் சுருக்கியது. நினைவட்டையின் கோப்பு முறை ஒரு கோப்பை 4 கிகாபைட்டுக்கு மேல் அனுமதிக்காததால், ஒரு காட்சி ஏறத்தாழ 12 நிமிடங்களில் நின்றது. கோப்பு சிறியதாக இருப்பினும் 29 நிமிடம் 59 நொடியே உச்ச வரம்பாகப் பல கருவிகளில் வைக்கப்பட்டது. 30 நிமிடமும் அதற்கு மேலும் தொடர்ந்து பதியும் கருவிக்கு ஐரோப்பிய ஒன்றியம் நிகழ்படக்கருவிக்குரிய சுங்கத் தீர்வையை விதித்தமை இதற்கு ஒரு காரணம் ஆகும்.

திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும்

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான "ஹவுஸ்", தன் ஆறாம் பருவத்தின் இறுதிப் பகுதியை முழுவதும் 5டி மார்க் 2 கொண்டு எடுத்தது. இது 2010 மே 17 அன்று ஒளிபரப்பாகியது. இடிந்த கட்டடத்தின் அடியில் சிக்கியவரைப் பற்றிய கதை என்பதால், குறுகிய இடத்தில் நுழையத்தக்க சிறிய கருவி பயனுடையதாக இருந்தது. 7டி கருவியால் எடுக்கப்பட்ட "லைக் கிரேசி" 2011 சண்டான்சு திரைப்பட விழாவில் அமெரிக்க நாடகப் பிரிவின் பெரும்பரிசைப் பெற்றது. 2012-இல் வெளிவந்த "ஆக்ட் ஆஃப் வேலர்" படத்தின் பெரும்பகுதி 5டி மார்க் 2 கருவியால் எடுக்கப்பட்டது.

இந்தியாவில் ராம் கோபால் வர்மாவின் "தொங்கல முடா" என்ற தெலுங்குப் படம் இத்தகைய கருவிகளைக் கொண்டு 5 நாட்களில் எடுக்கப்பட்டு 2011-இல் வெளியாகியது. தமிழில் பாலாஜி சக்திவேல் இயக்கி, விஜய் மில்டன் ஒளிப்பதிவு செய்த "வழக்கு எண் 18/9" 7டி கருவியால் எடுக்கப்பட்டது. 2012-இல் வெளிவந்த இப்படம், அவ்வாண்டின் சிறந்த தமிழ்த் திரைப்படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது. கருவியின் அளவு சிறியதாக இருப்பதால் தெருவில் எடுக்கும்போது கூட்டம் கூடுவதில்லை என்பது இத்தகைய படப்பிடிப்பின் ஒரு நன்மை ஆகும். வழியில் செல்வோர் அதனை நிலைப்படக் கருவி என்றே கருதுவர்.

எனினும் கருவியின் விலை மட்டுமே படத்தின் செலவு ஆகாது. தோள்தாங்கி, குவியம் திருப்பும் பற்சக்கரம், உருப்பெருக்கி, ஒளியைக் குறைக்கும் வடிகட்டிகள், ஒலிப்பதிவுக்கருவி ஆகியவற்றைச் சேர்த்தால் மொத்தச் செலவு உடற்பகுதியின் விலையைத் தாண்டுவதும் உண்டு.

பிந்தைய வளர்ச்சி

முதல் கருவிகளில் எதிர்பார்க்கப்பட்டவை பின்வந்த ஆண்டுகளில் ஒவ்வொன்றாக நிறைவேறின. 2010-இல் வந்த நிக்கான் டி3100, நிகழ்படம் எடுக்கும்போதே தொடர்ந்து தானே குவியப்படுத்தியது. அதே ஆண்டில் சோனி, ஒளியை ஊடுருவ விடும் நிலையான ஆடி கொண்ட ஏ33, ஏ55 கருவிகளை வெளியிட்டது. ஆடி மேலெழ வேண்டியதில்லை என்பதால் இவற்றில் விரைவுக் குவியம் நிகழ்படத்திலும் இயங்கியது. 2012-இல் வந்த கேனன் 5டி மார்க் 3 அலைக்கோலங்களைப் பெருமளவு நீக்கியதோடு, காதணி கேட்பிக்கும் இடமளித்தது. 2013-இல் வந்த கேனன் 70டி, ஒவ்வொரு படவணுவையும் இரு பாதிகளாகப் பிரித்து, உணரியிலேயே விரைவுக் குவியத்தைச் சாத்தியமாக்கியது. 2014-இல் பானாசோனிக் ஜிஎச்4, உயர் வரையறையைப் போல 4 மடங்கு படவணுக்கள் கொண்ட 4கே நிகழ்படத்தைக் கருவிக்குள்ளேயே பதிந்தது.

எதிர்த்திசையிலும் மாற்றம் நிகழ்ந்தது. பெரிய உணரியும் மாற்றத்தக்க வில்லையும் கொண்ட நிகழ்படக்கருவிகளை உற்பத்தியாளர்கள் உருவாக்கினர். 2010 இறுதியில் வந்த பானாசோனிக் ஏஎஃப்100, 2011 நவம்பரில் அறிவிக்கப்பட்ட கேனன் சி300 ஆகியவை இவ்வகையின. துணை வசதியாகத் தொடங்கிய ஒன்று இவ்வாறு தனித் தொழில்துறைக் கருவிகளுக்கு வழிவகுத்தது.

ஆடியே இறுதியில் தேவையற்றதாயிற்று. 2010-களின் பிற்பகுதியில் கேனனும் நிக்கானும் முழு அளவு உணரி கொண்ட ஆடியற்ற கருவிகளுக்கு மாறின. 2020-இல் வந்த கேனன் ஆர்5, 8கே நிகழ்படம் எடுத்தது. ஆனால் அது சூடேறி இடையில் நின்றது, பெரிய உணரியின் பழைய சிக்கல் முற்றிலும் தீரவில்லை என்பதைக் காட்டியது. 2023-இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 3, எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் பதியும் முழு அளவு உணரியைக் கொண்டிருந்தது. இதனால் உருளும் மூடி விளைவு இல்லாமற் போயிற்று. 2024-இல் நிக்கான் நிறுவனம் ரெட் நிறுவனத்தை வாங்கியது. நிகழ்படம் எடுக்கும் முதல் எதிரொளிப்புக் கருவியை வெளியிட்ட நிறுவனமும், ஸ்கார்லெட் கருவியை அறிவித்த நிறுவனமும் இவ்வாறு ஒன்றாயின.

இவற்றையும் பார்க்கவும்

ஒற்றைவில்லை எதிரொளிப்புக் கருவி

ஆடியற்ற ஒளிப்படக்கருவி

புல ஆழம்

உருளும் மூடி

உயர் வரையறைத் தொலைக்காட்சி

எண்ணிமத் திரைப்பட ஒளிப்பதிவு